செத்த செல்களை எண்ணும் வேலை

போன மாதம், முன்பு என்னோடு வேலை பார்த்த ரேவதி போன் செய்தாள். எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தில் புதிதாக ஒரு கேமரா வைத்திருக்கிறார்களாம். ஸ்லைடை உள்ளே தள்ளினால், இலையில் எத்தனை செல்கள் செத்திருக்கின்றன என்று அதுவே எண்ணி அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுகிறதாம். "நீங்க ரெண்டு நாள் உக்காந்து பண்றதை அது நாம டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடுதுக்கா" என்றாள். எனக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்துத் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். எனக்கு வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. எண்ணிக்கை குழம்பி நாங்கள் தவித்த அந்த ஐந்து மாதங்களை இனி வேறு யாரும் அனுபவிக்க வேண்டாம் அல்லவா? அதைச் சொன்னேன். "அப்ப அதையே எழுதிக் குடுங்க. நம்ம லேப் மலர்ல போடறோம்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் ஜமீலா. பிறந்தது பல்லாவரம். அத்தா அங்கே தோல் தொழிலில் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு சிட்லபாக்கம். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பயிர் ஆய்வு நிலையத்தில் தாவரவியல் பட்டத்தோடு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் கண்ணாடிச் சாமான் கழுவுவதும், பூஞ்சை வளர்க்கும் ஓட்ஸ் கூழைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றுவதும், லேபிள் ஒட்டுவதும்தான். பிறகு வெட்டக் கற்றேன், சாயமேற்றக் கற்றேன், மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கற்றேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் வந்தது.

நெல்லுக்குக் குலை நோய் என்று ஒன்று உண்டு. ஒரு பூஞ்சையின் வித்து காற்றில் வந்து இலைமேல் ஒட்டும். ஒட்டிய இடத்தில் காலூன்றி, இலைத் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். இறங்கிய செல்லைத் தின்று அடுத்த செல்லுக்குப் போகும். நோயை எதிர்க்கத் தெரிந்த ரகமாக இருந்தால் அந்த நெல் ஒரு காரியம் செய்யும். பூஞ்சை இறங்கிய செல்லும் அதை ஒட்டிய ஓரிரு செல்களும் தாமாகவே செத்துவிடும். செத்த செல்லில் பூஞ்சைக்குத் தின்ன ஒன்றும் இல்லை. அங்கேயே முடங்கிவிடும். இலையில் ஊசி குத்தியது போல ஒரு பழுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சும். பயிர் பிழைத்துக்கொள்ளும்.

அந்தச் சாவுக்கு உத்தரவு கொடுப்பது எது என்பதுதான் எங்கள் ஆய்வு. அது ஒரு புரதம். தானாக எதையும் கொல்லாது. மற்ற மரபணுக்களை ஏவும் வேலைதான் அதற்கு. சாதாரண நாளில் செல்லுக்குள் சும்மா கிடக்கும். பூஞ்சை வந்த செய்தி கிடைத்ததும் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, டி.என்.ஏ.வை வெட்டும் மரபணுவையும் இன்னும் சிலவற்றையும் எழுப்பிவிடும். அதோடு அந்தச் செல் முடிந்தது. கட்டுரைகளில் அதற்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் உண்டு. அது என்ன என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டபோது, "மேஸ்திரி மாதிரி" என்றேன். தன் கையால் ஒரு செங்கல்லும் வைக்க மாட்டார், அவர் சொன்னால்தான் சுவர் எழும்பும். அந்தப் பெயர் எப்படியோ ஆய்வுக்கூடம் வரை வந்து நிலைத்துவிட்டது.

மேஸ்திரியைக் கண்டுபிடித்து எங்கள் நிலையத்துக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் சாந்தகுமார். வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். என்னைவிட எட்டு வயது சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் அவர் அறைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை தங்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவார்கள். காரணம் அவர் கேட்கும் ஒரே கேள்வி. நாம் என்ன சொன்னாலும், "எப்படித் தெரிஞ்சுது?" என்பார்.

ஒருமுறை என் நோட்டில், 'நாற்றுகள் நன்றாக இருக்கின்றன' என்று எழுதியிருந்தேன். மாலையில் நோட்டு திரும்பி வந்தபோது 'நன்றாக' என்ற சொல்லின் கீழே பென்சிலால் ஒரு கோடு. நான் அவர் அறைக்குப் போனேன். "'நன்றாக'ங்கறது உங்களுக்குத் தெரியும் மேடம். ஆறு மாசம் கழிச்சு அந்தப் பக்கத்தைப் படிக்கறவருக்கு எப்படித் தெரியும்?" என்றார். மறுநாளிலிருந்து எத்தனை இலை, எவ்வளவு உயரம், எந்த இலையின் நுனி என்ன நிறம் என்று எழுத ஆரம்பித்தேன். அப்போது எரிச்சலாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்து பதினெட்டு வருடம் கழித்து எனக்கு இதெல்லாம் வேண்டுமா என்று வீட்டில் புலம்பியிருக்கிறேன்.

எங்கள் சோதனை இப்படி நடக்கும். இரண்டு வகை நாற்றுகள். ஒன்று, நோயை எதிர்க்கத் தெரிந்த ரகத்தில் சாதாரண நெல். இன்னொன்று, அதே ரகத்தில் மேஸ்திரியின் மரபணு வேலை செய்யாதபடி முடக்கப்பட்ட நெல். இரண்டையும் மூன்று வாரம் வளர்ப்போம். தட்டில் வளர்ந்த பூஞ்சையை பிரஷ்ஷால் சுரண்டி, மல் துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் ஒரு துளிக்கு எத்தனை வித்து என்று எண்ணி, அளவு சரிபார்த்து நாற்றுகள்மேல் தெளிப்போம்.

பாதி நாற்றுகளுக்குப் பூஞ்சை இல்லாத வெறும் தெளிப்பு. ஒரு பகல் ஓர் இரவு ஈரப் பெட்டியில் மூடி வைப்போம். குறித்த மணிக்கு இலையை வெட்டி, நீலச் சாயத்தில் ஊறவைத்து, பிறகு பச்சையம் முழுவதும் போகும்வரை கழுவுவோம். இலை கண்ணாடி போல ஆகிவிடும். உயிரோடு இருந்த செல் சாயத்தை உள்ளே விட்டிருக்காது. செத்த செல் மட்டும் நீலமாகத் தெரியும்.

எண்ணுவது நான். எந்த ஸ்லைடு எந்த நாற்று என்று எனக்குத் தெரியக் கூடாது. வெட்டியதும் ரேவதி ஸ்லைடுகளுக்குக் குறியீடு போட்டு, பட்டியலை உறையில் போட்டு ஒட்டி சாரிடம் கொடுத்துவிடுவாள். நான் எண்ணி முடித்த பிறகுதான் உறை திறக்கப்படும். ரேவதி அப்போது சாரிடம் பி.எச்டி. செய்துகொண்டிருந்தாள். வாலாஜாபாத் பக்கத்தில் நெசவு செய்கிற குடும்பம். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலைப் பார்த்த முதல் ஆள் அவள்தான். அவளுடைய ஆய்வேடே இந்த எண்ணிக்கையில்தான் நின்றது.

முதல் வருடம் மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் உறை திறந்தபோது பதில் ஒன்றுதான். சாதாரண நெல்லில் பூஞ்சை காலூன்றிய இடத்தில் எல்லாம் நீலச் செல்கள். மேஸ்திரி முடக்கப்பட்ட நெல்லில் நீலமே இல்லை. பூஞ்சை தன் இஷ்டத்துக்குச் செல் செல்லாகத் தாண்டிப் போயிருந்தது. வெறும் தெளிப்பு பெற்ற இலைகள் இரண்டிலும் சுத்தம். சார் அன்றைக்குக்கூட "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். ஆனால் சிரித்துக்கொண்டே கேட்டார். கட்டுரை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து, புதிதாக விதைத்து இன்னொரு முறை செய்து காட்டுங்கள் என்று பதில் வந்தது. நியாயமான கேள்விதான்.

அது கோடைக்காலம். சென்னை முழுக்கத் தண்ணீர்ப் பஞ்சம். நாங்கள் விதைத்தோம், தெளித்தோம், வெட்டினோம். நான் இரண்டு நாள் எண்ணினேன். உறை திறந்தது.

எல்லாவற்றிலும் நீலம்.

மேஸ்திரி இல்லாத நெல்லிலும் செத்த செல்கள். வெறும் தெளிப்பு பெற்ற இலையிலும் செத்த செல்கள். பூஞ்சையே இல்லாத இடத்தில், உத்தரவு கொடுக்க ஆளே இல்லாத செல்கள் செத்திருந்தன. ரேவதி பட்டியலை மூன்று தடவை சரிபார்த்தாள். அன்று சார் தன் வழக்கமான கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. திரும்ப விதைத்தோம். திரும்பவும் அதே.

அடுத்த வாரம் சார் ரேவதியைக் கூப்பிட்டு, விதை கலந்திருக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டாராம். குற்றம் சாட்டும் தொனியில் இல்லை. எல்லா வழியையும் பார்க்கிறவர் கேட்கிற கேள்விதான். ஆனால் அவளுக்கு அது போதுமாக இருந்தது. விதை உறைகளுக்கு அவள்தான் பொறுப்பு. அன்று மதியம் சாப்பிட வரவில்லை. தேடிப் போனபோது கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நான் கலக்கலைக்கா. ஆனா கலக்கலன்னு எப்படிக் காட்டறது?" என்றாள்.

என்னிடமோ, நான் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது.

ஒரு வருடத்துக்கும் மேலாக என் வலது கண்ணில் ஒரு மங்கல். ஜி.எஸ்.டி. ரோட்டில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு உடைந்து சிதறியது போலத் தெரியும். வெள்ளைத் துணி வெள்ளையாகத் தெரியாது. கருநீலப் புடவைக்கு நான் எடுத்து வைத்த ரவிக்கையைப் பார்த்து மகள், "இது கறுப்பும்மா" என்றாள். வயசாகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே டாக்டரிடம் போகாமல் இருந்தேன். மைக்ராஸ்கோப் பார்க்க முடியாத ஆளை ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயம். எனக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருந்தது.

ரேவதி அழுத மறுநாள் குரோம்பேட்டையில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்துப் பார்த்தார். வலது கண்ணில் நன்றாகவே முற்றிய புரை, இடதில் தொடக்கம். நிறம் பிரித்துப் பார்ப்பது சிரமமாக இருக்குமா என்று கேட்டேன். நீலமும் கறுப்பும் குழம்பும் என்றார். "என்ன வேலை பண்றீங்கம்மா?" என்று கேட்டார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நீலமும் கறுப்பும். பூஞ்சையின் கால் கறுப்பு. இலையில் ஒட்டிய தூசி கறுப்பு. அதையெல்லாம் செத்த செல் என்று நான் எண்ணியிருந்தால்? இப்போது மட்டும் இல்லை, முதல் வருடமும் தப்பாக எண்ணியிருந்தால்? மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னால் என் எண்ணிக்கை எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும். ரேவதியின் ஆய்வேடு அதோடு போகும். சொல்லாவிட்டால், விதையைக் கலந்தவள் என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிடும். இரண்டிலும் அவளுக்குத்தான் அடி. ஆனால் ஒன்றில் அவள்மேல் பொய்யான பழி. இதை நான் சமையல் செய்துகொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பல்லாவரத்தில் தோல் தைக்கிற மிஷின்களைப் பழுது பார்க்கிறவர். அதிகம் பேச மாட்டார். "மிஷின்ல கோளாறுன்னா கோளாறுன்னு சொல்லிட்டுத்தான் கழட்டணும். சொல்லாம கழட்டினா நாமதான் கெடுத்தோம்பாங்க" என்றார்.

மறுநாள் காலை சார் அறைக்குப் போய், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மேஜைமேல் வைத்தேன். அவர் படித்தார்.

"எந்தக் கண்ணு?"

"வலது மோசம் சார். இடது ஆரம்பம்."

"எப்பலேர்ந்து?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். சொல்லாதது என் தப்பு சார். ரேவதி மேல தப்பு இல்ல. என் கண்ணுதான் எல்லாத்தையும் கெடுத்திருக்கு."

அவர் சீட்டை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு கேட்டார்:

"எப்படித் தெரிஞ்சுது?"

எனக்குப் புரியவில்லை. புரை இருக்கிறது என்றுதான் சீட்டில் எழுதியிருக்கிறதே என்றேன்.

"புரை இருக்குன்னு டாக்டருக்குத் தெரியும். அதனாலதான் எண்ணிக்கை தப்புன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

அன்று மதியமே அவர் பழைய ஸ்லைடுகளும் புதிய ஸ்லைடுகளுமாக இருபது எடுத்தார். தானே குறியீடு போட்டார். அதே இருபதையும் நான் ஒருமுறை, ரேவதி ஒருமுறை, பக்கத்துக் கட்டடத்தில் பூச்சி ஆய்வு செய்கிற, எங்கள் விவகாரம் ஒன்றும் தெரியாத ஒருவர் ஒருமுறை. மூன்று பேரும் வெவ்வேறு நேரத்தில், தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் எண்ண வேண்டும். நான் எண்ணியபோது ஸ்லைடை நகர்த்தும் திருகை விட்டுவிட்டு இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தேன். வெள்ளிக்கிழமை மூன்று தாள்களையும் அவர் மேஜையில் அருகருகே வைத்தார். நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். அவர் பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார்.

பழைய ஸ்லைடு, புதிய ஸ்லைடு எல்லாவற்றிலும் மூன்று தாள்களும் ஒரே கதையைத்தான் சொல்லின. என் எண்கள் மட்டும் எல்லா இடத்திலும் கொஞ்சம் குறைவு.

"இல்லாததை நீங்க பார்க்கல மேடம். இருக்கறதுல கொஞ்சத்தை விட்டிருக்கீங்க. எல்லா ஸ்லைடுலயும் ஒரே அளவுக்கு விட்டிருக்கீங்க" என்றார் சார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் முன்னால் நான் கேட்காமல் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ரேவதி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பழைய முடிவு நின்றது. என் கண் யாரையும் கெடுக்கவில்லை. ஆனால் அந்த நிம்மதி பாதிதான். புதிய இலைகளில் அந்தச் செல்கள் உண்மையிலேயே செத்திருக்கின்றன என்பதும் உறுதியாகிவிட்டதே. மேஸ்திரி இல்லாத செடியில் அவற்றைக் கொன்றது யார்?

கண்ணைப் பற்றிய பயம் போன பிறகுதான் எனக்கு ஸ்லைடைச் சரியாகப் பார்க்க முடிந்தது. அதுவரை எத்தனை என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். எங்கே என்று பார்க்கவில்லை. திங்கட்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு இலைத் துண்டுக்கும் ஒரு படம் வரைந்து, செத்த செல் இருக்கும் இடத்தில் புள்ளி வைத்தேன். பழைய இலைகளில் புள்ளிகள் பூஞ்சையின் காலடியில் இருந்தன, இரண்டு மூன்றாகச் சேர்ந்து. புதிய இலைகளில் அப்படியும் சில இருந்தன, சாதாரண நெல்லில் மட்டும். மற்றவை எல்லாம் இலையின் ஓரத்தோடு வரிசையாக, நுனியை நோக்கிப் போகப் போக நெருக்கமாக இருந்தன. பூஞ்சைக்கு ஓரம் நடு என்ற கணக்குக் கிடையாது. அது விழுந்த இடத்தில் இறங்கும். இது பூஞ்சை செய்த வேலை இல்லை.

என் நோட்டைப் புரட்டினேன். புதிய நாற்றுகளைப் பற்றி, 'கீழ் இலை நுனி லேசான பழுப்பு' என்று நானே எழுதியிருந்தேன். கோடை வெயில் என்று நினைத்து விட்டிருந்தேன்.

நாற்று வளர்க்கும் பசுமைக்குடிலில் ஏகாம்பரம் அண்ணன் இருந்தார். சிட்லபாக்கத்துப் பழைய குடும்பம். ஏரிக்கரையில் நிலம் வைத்துப் பயிர் செய்தவர்கள். நிலமெல்லாம் வீடாகி வாடகை வந்துகொண்டிருந்தது. வீட்டில் சும்மா உட்கார முடியாமல் எங்களிடம் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு வந்திருந்தார். அவரிடம் ஒரு நாற்றைக் காட்டி, இந்த நுனி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

"உப்புத் தண்ணிக்கு அப்டிதான் ஆவும். இதுல இன்னாம்மா கீது கேக்கறதுக்கு?"

"நாம கிணத்துத் தண்ணிதானே ஊத்தறோம்ணா?"

"கெணறு காஞ்சி மூணு மாசமாவுது. லாரி வந்துகினு கீதுல்ல, அந்தத் தண்ணிதான் தொட்டில. நா அதே கொழாயத்தான் தொறக்கறேன்."

லாரி வருவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தினமும் காலையில் வாசலில் அது திரும்பும்போது ஒதுங்கி நின்றுதான் உள்ளே போவோம். கழிவறைக்கும் கை கழுவவும் வருகிறது என்று நினைத்தோம். பசுமைக்குடில் குழாயும் அதே தொட்டியில்தான் இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏகாம்பரம் அண்ணனை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். நான் ஒரு குடுவையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடினேன். ரேவதி உப்பை அளக்கும் மீட்டரை அதில் நனைத்தாள். எண் ஏறிக்கொண்டே போனது. அவள் மீட்டரைக் கழுவித் துடைத்து மறுபடி நனைத்தாள். மறுபடியும் அதே எண்.

சாரிடம் போனோம். நான் வரைந்த படங்களையும் மீட்டர் எண்ணையும் வைத்துச் சொன்னேன். செல் உத்தரவு கேட்டுச் சாவது வேறு, உப்பு கொன்று சாவது வேறு. நாம் இரண்டையும் ஒரே நீலமாக எண்ணியிருக்கிறோம் என்றேன். வழக்கமான கேள்வி வரும் என்று காத்திருந்தேன். அவர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டு, "விதைப்போம்" என்றார்.

இந்த முறை இரண்டு தட்டு. ஒன்றுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றுக்கு லாரித் தண்ணீர். ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடிக்கும் கருவி சொட்டுச் சொட்டாகத்தான் கொடுக்கும். ஏகாம்பரம் அண்ணன் அதைக் கேனில் பிடித்து வைத்து, நாற்றுக்கு டம்ளரில் அளந்து ஊற்றினார். "கொயந்தைக்கு மருந்து ஊத்தற மாதிரி கீதும்மா" என்றார். மூன்று வாரம் அப்படிப் போனது. தெளித்தோம், வெட்டினோம், சாயமேற்றினோம். என் கண்ணைச் சொல்லி, எண்ணுவதை ரேவதியிடமே விடலாம் என்றேன். சார் ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் எண்ணுங்கள் என்றார். குறியீட்டை அவரே வைத்துக்கொண்டார்.

உறையைத் திறந்தபோது ஏகாம்பரம் அண்ணனும் வாசலில் வந்து நின்றார். சார் பட்டியலைப் படிக்கப் படிக்க ரேவதி போர்டில் எழுதினாள். வடித்த தண்ணீரில் வளர்ந்த சாதாரண நெல்: பூஞ்சையின் காலடியில் எல்லாம் நீலம். வடித்த தண்ணீரில் வளர்ந்த, மேஸ்திரி இல்லாத நெல்: ஒன்றும் இல்லை. வெறும் தெளிப்பு இரண்டும் சுத்தம். லாரித் தண்ணீரில் வளர்ந்தவை: எல்லாவற்றிலும் ஓரத்தில் நீலம். கடைசி வரியை எழுதிவிட்டு ரேவதி சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்றாள். சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அவரும் இத்தனை நாள் பயந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஆச்சா சார்?" என்று கேட்டார் ஏகாம்பரம் அண்ணன்.

"ஆச்சு" என்றார் சார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, அறுவை சிகிச்சைக்கு எத்தனை நாள் லீவு வேண்டும் என்று கேட்டார். நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "ஸ்டோருக்கு வேற ஆள் இருக்காங்க மேடம். நீங்க இங்கதான்" என்றார். அந்த பயத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை. பத்து நாள் இடைவெளி விட்டு இரண்டு கண்ணுக்கும் செய்துகொண்டேன். கட்டைப் பிரித்த அன்று, எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவர் சந்தன நிறம் இல்லை, வெள்ளை என்று கண்டேன். திரும்பி வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தபோது, அந்த நீலம் இவ்வளவு நீலமாகவா இருந்தது என்று கொஞ்ச நேரம் எண்ணாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ரேவதியின் ஆய்வேட்டில் இருந்த ஸ்லைடு ஒவ்வொன்றையும் நானே கேட்டு வாங்கி மறுபடி எண்ணினேன். எண்கள் கொஞ்சம் கூடின. முடிவு மாறவில்லை.

ரேவதியின் வாய்மொழித் தேர்வு கிண்டியில் நடந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் அப்பாவும் அம்மாவும் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி, மேடையில் ஓடுகிற ஆங்கிலம் புரியாமல், மகள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். இலையில் செல்கள் எத்தனையோ காரணத்தால் சாகலாம். இவை உங்கள் மரபணுவின் உத்தரவால்தான் செத்தன என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ரேவதி பதற்றப்படவில்லை. இரண்டு படங்களைத் திரையில் அருகருகே போட்டாள். ஒன்றில் பூஞ்சையின் காலடியில் கொத்தாக நீலம். இன்னொன்றில் இலையோரத்தில் வரிசையாக நீலம், உப்பு கொன்றவை. எங்கள் கெட்டுப்போன சோதனையை அவள் ஒரு தனி அத்தியாயமாகவே எழுதியிருந்தாள். தேர்வாளர் அந்தப் படத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு, கையிலிருந்த ஆய்வேட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

முடிவை அறிவித்ததும் அவள் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். எல்லோருக்கும் கேசரியும் வடையும் கொடுத்தார்கள். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கிண்டியில் ரயில் ஏறினேன். குரோம்பேட்டையில் இறங்க வேண்டும், அரை மணி நேரம்கூட ஆகாது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மீனம்பாக்கம் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது. பெட்டி பெருக்குகிற அம்மா தோளைத் தட்டியபோது வண்டி நின்றிருந்தது, பெட்டியில் வேறு யாரும் இல்லை. பலகையில் செங்கல்பட்டு என்று போட்டிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். செங்கல்பட்டில் என்றேன்.

"அங்க என்ன வேலை?"

"ஒண்ணும் இல்ல. ரயில்ல தூங்கிட்டேன்."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லா தூங்கினியா?" என்றார்.